ஒரு நாளுக்கு ஒரு பாட்டு: நாகர்கோவில் யாப்பு வகுப்பு – ஒரு மதிப்புரை

நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தொலைவில், ஒரு பழைய ஓட்டு வீட்டின் மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாப்பு (செய்யுள் இலக்கண) வகுப்பு நடைபெறுகிறது. பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் வீட்டிலேயே நடத்தும் இவ்வகுப்புக்குப் பெயர்ப்பலகையோ விளம்பரமோ கிடையாது. தம் பெயர் பொதுவில் எழுதப்படுவதையும் அவர் விரும்புவதில்லை என்பதால் நானும் அதைக் குறிப்பிடவில்லை. காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து மணிக்கு முடியும். கட்டணம் 400 ரூபாய், மாணவர்களுக்கு 200 ரூபாய். தேநீரும் மதியச் சாப்பாடும் இதில் அடங்கும். ஒரு நாளுக்கு ஒரு பாட்டு என்பதுதான் வகுப்பின் ஒரே விதி. அந்தப் பாட்டின் உரையையும் வரலாற்றையும் தேவையான அளவுக்கு மட்டும் தொட்டுவிட்டு, அது எந்த வடிவில் நிற்கிறது, எந்த எழுத்துகளால் ஒலிக்கிறது என்பதையே நாள் முழுவதும் பார்க்கிறார்கள்.

நான் கலந்துகொண்ட அமர்வுக்குச் சமாதானத்தைப் பற்றிய பாட்டு என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். உலக அமைதி, வெண்புறா என்ற தடத்தில் ஏதேனும் ஒரு தற்காலக் கவிதையை எடுத்துக்கொள்வார்கள் என்று எண்ணிச் சென்றவர்களே மிகுதி. எடுத்துக்கொண்டது புறநானூற்றின் 45ஆம் பாட்டு. சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்க, அவன் குடியிலேயே பிறந்த நெடுங்கிள்ளி உள்ளே கதவடைத்திருந்தபோது, இருவருக்கும் இடையே நின்று புலவர் கோவூர் கிழார் பாடியது. திணை வஞ்சி, துறை துணைவஞ்சி, அதாவது போருக்கு நிற்பவனைச் சமாதானப்படுத்துவது. பாட்டில் அமைதி என்ற சொல்லோ அதற்கு நிகரான வேறு சொல்லோ ஓரிடத்திலும் இல்லை. தேர்வு மிகச் சரியானது என்பதை வகுப்பு தொடங்கிய அரைமணி நேரத்தில் ஒப்புக்கொண்டேன். பொதுவாக அமைதியைப் போற்றும் பாட்டைவிட, ஆயுதத்தோடு நிற்கும் இரண்டு பேரை நோக்கி நேரடியாகப் பேசும் பாட்டில்தான் ஓசைக்கு வேலை அதிகம்.

வகுப்பின் தொடக்கம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தொல்காப்பியப் பாயிரத்தில் வரும் அதங்கோட்டு ஆசானை விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோட்டோடு இணைத்துச் சொல்லும் வழக்கத்தையும், தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் செவிநுட்பத்தையும் பற்றி ஆசிரியர் சற்று நீளமாகவே பேசினார். குமரி மாவட்டத்தில் தமிழ் தொடர்பான எந்தக் கூட்டமும் இந்த இரண்டு வணக்கங்கள் இல்லாமல் தொடங்குவதில்லை என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதன்பின் அவர் செய்ததுதான் இவ்வகுப்பின் தனித்தன்மை. பாட்டு அச்சிட்ட தாளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அதைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். “மக்களே, இப்பம் தாளைப் பாக்காண்டாம், கேட்டா மதி” என்று சொல்லிவிட்டுப் பாட்டை இராகம் போடாமல், பேசுவது போலவும் அல்லாமல், ஆசிரியப்பாவுக்குரிய அகவல் ஓசையில் மூன்று முறை படித்தார். பொருள் புரிந்ததா என்று அவர் கேட்கவில்லை. காதில் திரும்பத் திரும்ப விழுந்தது எது என்று மட்டும் கேட்டார்.

பாட்டு இது:

இரும்பனை வெண்தோடு மலைந்தோன் அல்லன்;
கருஞ்சினை வேம்பின் தெரியலோன் அல்லன்;
நின்ன கண்ணியும் ஆர்மிடைந் தன்றே, நின்னொடு
பொருவோன் கண்ணியும் ஆர்மிடைந் தன்றே;
ஒருவீர் தோற்பினும் தோற்பநும் குடியே;
இருவீர் வேறல் இயற்கையும் அன்றே, அதனால்,
குடிப்பொருள் அன்றுநும் செய்தி; கொடித்தேர்
நும்மோர் அன்ன வேந்தர்க்கு
மெய்ம்மலி உவகை செய்யும்இவ் இகலே.

பொருள் எளிது. உன்னோடு போரிடுகிறவன் பனந்தோடு சூடிய சேரனும் அல்லன், வேப்பந்தார் அணிந்த பாண்டியனும் அல்லன். உன் கண்ணியும் (தலைமாலையும்) சோழர்க்குரிய ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. உங்களில் ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். இருவரும் வெல்வது என்பது இயற்கையிலேயே இல்லை. ஆகவே நீங்கள் செய்வது குடிக்குத் தக்கதன்று. உங்களைப் போன்ற தேர்வேந்தர்களுக்கு உடல் பூரிக்கும் மகிழ்ச்சியைத்தான் இந்தப் பகை தரும். இவ்வளவுதான் பாட்டு. ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் அடுக்கும் வாதத்தைப் போல இருக்கிறது என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். வாதம் மட்டுமாக இருந்திருந்தால் அதை உரைநடையில் சொல்லியிருக்கலாமே, பாட்டாக்க என்ன தேவை என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். அன்றைய நாள் முழுவதும் அந்தக் கேள்விக்கான விடையாகவே நடந்தது.

முதலில் எதுகை, அதாவது அடிகளின் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது. இரும்பனை, கருஞ்சினை, பொருவோன், ஒருவீர், இருவீர் என்று முதல் ஆறு அடிகளில் ஐந்து அடிகளின் முதற்சீரில் இரண்டாம் எழுத்தாக ‘ரு’ நிற்கிறது. மூன்றாம் அடி மட்டும் ‘நின்ன’ என்று விலகி நிற்கிறது. பாட்டைப் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்த பலருக்கும் இது புதிய செய்தியாக இருந்தது, எனக்கும் அப்படியே. மாற்றாரின் பூக்களான பனையும் வேம்பும், எதிரே நிற்கும் உறவினனும், ஒருவர், இருவர் என்னும் கணக்கும் ஒரே எழுத்தில் தொடுக்கப்பட்டிருக்கின்றன; அரசனை நேரே நோக்கி ‘உன்னுடைய’ என்று சொல்லும் அடி மட்டும் அந்தத் தொடைக்கு (எழுத்து ஒத்துவரும் தொடர்ச்சிக்கு) வெளியே இருக்கிறது. இதைப் புலவர் எண்ணித்தான் செய்தாரா என்று ஒரு மாணவி கேட்டார். எண்ணிச் செய்தாரா என்பதைவிட, கேட்டவன் காதில் என்ன நடந்திருக்கும் என்பதே நம் வேலை என்றார் ஆசிரியர். தப்பித்துக்கொள்ளும் விடை போலத் தோன்றினாலும், ஓசை ஆராய்ச்சிக்கு இதைவிட நேர்மையான எல்லை வேறில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்து அவர் தொட்டது அடியின் விளிம்புகளை. மூன்றாம் அடி நான்கு சீரோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் ‘நின்னொடு’ என்ற ஐந்தாம் சொல் அதன் கடைசியில் தொங்குகிறது. பொருளால் அது அடுத்த அடியின் ‘பொருவோன்’ என்பதோடு சேர வேண்டியது. உன்னோடு என்பது அரசனுடைய அடியிலும், போரிடுகிறவன் என்பது அடுத்த அடியிலும் ஆக வெட்டப்பட்டிருக்கிறது. ஆறாம் அடியில் ‘அதனால்’ என்பதும் இவ்வாறே நிற்கிறது. நான்கு சீர்க் கணக்கிற்கு வெளியே நிற்கும் இத்தகைய சொல்லை யாப்பு நூலார் கூன் என்று அழைப்பர். சங்கப் பாட்டுகளில் ‘அதனால்’ இப்படி அடிக்கு வெளியே நிற்பது பழக்கமானதுதான். ஆனால் இப்பாட்டில் அது வரும்போது ஒரு மூச்சு நின்று, அதுவரை சாட்சிகளை அடுக்கிய குரல் தீர்ப்பை நோக்கித் திரும்புவது தெரிகிறது. இந்தப் பகுதிக்காக ஆசிரியர் எல்லோரையும் எழுந்து நின்று படிக்கச் சொன்னார். அடி முடிவில் கால் மாற்றி நிற்க வேண்டும், கூன் வரும்போது அசையாமல் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெரியவர்கள் முதலில் கூச்சப்பட்டார்கள். இரண்டாம் முறை படித்தபோது, யாரும் சொல்லாமலேயே எல்லோரும் ‘அதனால்’ என்ற இடத்தில் நின்றார்கள்.

இனி, இவ்வகுப்பு நாகர்கோவிலில் நடப்பதால் மட்டுமே கிடைக்கக்கூடிய ஒரு பகுதியைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் ஆறாம் அடிகளில் தோற்பினும், தோற்ப, வேறல், இயற்கை, அன்றே என்று றகரம் குவிந்து கிடக்கிறது. முதல் நான்கு அடிகளில் அது ‘தன்றே’ என்ற ஈறுகளில் மட்டும் வருகிறது. கடைசி இரண்டு அடிகளில் ஓர் இடத்தில்கூட இல்லை. அதாவது, தொடையில் ரகரம் ஓடிக்கொண்டிருக்க, பாட்டின் நடுவில், தோல்வியையும் வெற்றியையும் பேசும் இடத்தில், றகரம் வந்து மோதிவிட்டுப் போகிறது. இந்த வேறுபாட்டைக் கேட்க வேண்டுமானால் ரகரத்தையும் றகரத்தையும் வேறு வேறாக ஒலிக்கத் தெரிந்த நாக்கு வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிப் பேச்சில் அவ்வேறுபாடு மறைந்து, எழுத்தில் மட்டும் எஞ்சியிருக்கிறது; குமரி மாவட்டத்தில், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு பக்கங்களில், அது இன்றும் வாயில் உயிரோடு இருக்கிறது. அங்கே அடுப்புக் கரியையும் குழம்புக் கறியையும் ஒரே மாதிரி சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

ஆசிரியர் மூன்று பேரை அழைத்து அதே இரண்டு அடிகளைப் படிக்கச் சொன்னார். ஒருவர் பல ஆண்டுகள் சென்னையில் வேலை பார்த்துத் திரும்பியவர். அவருடைய ‘வேறல்’ என்பதில் இருந்த றகரம் ‘ஒருவீர்’ என்பதன் ரகரமாகவே ஒலித்தது. அடுத்தவர் நாகர்கோவில்காரர்; தாளில் பார்த்துக் கவனமாகப் படித்ததால் வேறுபாடு ஓரளவு வந்தது. மூன்றாமவர் மார்த்தாண்டத்தை அடுத்த ஓர் ஊரைச் சேர்ந்த அக்கா. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர், மகளைக் கொண்டுவிட வந்து தாமும் உட்கார்ந்துவிட்டவர். அவர் எந்த முயற்சியும் இல்லாமல் படித்தபோது ஒருவீர், இருவீர் என்பவை வழுக்கிக்கொண்டு போக, தோற்பினும் தோற்ப என்ற இரண்டும் தட்டித் தட்டி நின்றன. அறையில் எல்லோருக்கும் அது கேட்டது. மேற்குப் பக்கத்துப் பேச்சில் மலையாள வாடை இருக்கிறது என்று கிழக்கே உள்ள நாஞ்சில் நாட்டுக்காரர்கள் கிண்டல் செய்வது இங்கே பழைய வழக்கம். அந்த நாக்குத்தான் அன்று புறநானூற்றுக்கு அருகில் நின்றது.

இதற்குத் தொல்காப்பியப் பிறப்பியலிலிருந்து ஆசிரியர் காட்டிய மேற்கோள் பொருத்தமாக அமைந்தது. நுனிநா மேல்நோக்கி அண்ணத்தை ஒற்றும்போது றகரமும் னகரமும் பிறக்கும் என்றும், வருடும்போது ரகரமும் ழகரமும் பிறக்கும் என்றும் அந்நூல் வகுக்கிறது. ஒன்று ஒற்றுவது, மற்றது வருடுவது. பகைவர்களுக்கிடையே சமாதானம் பேசப் போன புலவர் முதலில் வருடிக்கொண்டே வந்து, சொல்ல வேண்டிய இடத்தில் அழுத்தி ஒற்றிவிட்டு, மறுபடி மெல்ல விலகுகிறார் என்று இதை வைத்துச் சொல்ல முடியும். எனக்கு இந்த விளக்கம் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் இதை மேலும் நீட்டி, வல்லினம் என்றாலே சினம், மெல்லினம் என்றாலே கனிவு என்று ஆசிரியர் ஒரு பொது விதியாக்க முயன்றபோது ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ‘கட்டிக் கரும்பே’ என்று குழந்தையைக் கொஞ்சும் தாலாட்டில் வல்லினம்தான் இரட்டித்து வருகிறது; அதில் சினம் எங்கே இருக்கிறது? ஓர் எழுத்துக்குத் தனியே உணர்ச்சி கிடையாது. ஒரு பாட்டுக்குள் அது எங்கே குவிகிறது, எங்கே இல்லாமல் போகிறது என்பதுதான் பேசும். நான் இதைச் சொன்னபோது ஆசிரியர் மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் இருபது வண்ணங்களில் (ஓசை வகைகளில்) வல்லிசை வண்ணமும் மெல்லிசை வண்ணமும் எழுத்து மிகுதியைத்தான் சொல்கின்றன, உணர்ச்சியைச் சொல்லவில்லை என்று மட்டும் குறிப்பிட்டார். அதுவே என் கருத்துக்குப் போதுமான சான்று. அந்த இருபதில் ஏந்தல் வண்ணம் என்பது, சொன்ன சொல்லாலேயே சொன்ன பொருள் சிறப்பது. ‘தோற்பினும் தோற்ப’ என்பதை அதற்கு எடுத்துக்காட்டாக நிறுத்தியது அழகாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு முன் எட்டாம் அடிக்கு வந்தார்கள். நாற்சீர் அடிகளுக்கு நடுவே, கடைசி அடிக்கு முந்தைய அடி மட்டும் ‘நும்மோர் அன்ன வேந்தர்க்கு’ என்று மூன்று சீரோடு நின்றுவிடுகிறது. ஈற்றயலடி முச்சீராக வருவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம் என்று எல்லோருக்கும் தெரியும். தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்போம். அந்த இலக்கணம் எதற்காக இருக்கிறது என்பதை இந்தப் பாட்டில்தான் நான் காதால் உணர்ந்தேன். நான்காம் சீரை எதிர்பார்த்துக் காது காத்திருக்கும் இடத்தில் ஒன்றும் வருவதில்லை. அந்த வெற்றிடத்தைத் தாண்டித்தான் ‘மெய்ம்மலி உவகை’ என்ற குத்தல் வருகிறது. குத்தல் வரும் அடியோ முழுப் பாட்டிலும் மிக மென்மையாக ஒலிக்கும் அடி. யகரமும் மகரமும் வகரமும் லகரமும் நிறைந்து, பகைவர்கள் உட்கார்ந்து சிரிப்பதைச் சத்தமில்லாமல் காட்டுகிறது. ‘நும்மோர்’, ‘மெய்ம்மலி’ என்ற இரண்டு அடிமுதல்களுக்கும் இடையே எதுகை இருக்கிறதா என்று ஒரு தமிழ் முதுகலை மாணவர் கேட்டார். இரண்டாவதில் யகர ஒற்று குறுக்கே நிற்கிறது. ய், ர், ல், ழ் என்னும் ஒற்றுகள் இவ்வாறு இடையே வந்தாலும் தொடை கெடாது, அதற்கு ஆசிடை எதுகை என்று பெயர் என ஆசிரியர் விளக்கினார். பாடநூலில் எங்கோ கடைசிப் பக்கத்தில் கிடக்கும் ஒரு பெயர் உயிரோடு எழுந்து நின்றது போல இருந்தது.

ஏழாம் அடியை அவர் விரைவாகக் கடந்துவிட்டார். இது பெரிய குறை. ‘குடிப்பொருள் அன்றுநும் செய்தி கொடித்தேர்’ என்ற அடியில் முதற்சீரும் நான்காம் சீரும் எதுகையாலும் மோனையாலும் (முதலெழுத்து ஒப்பாலும்) ஒருங்கே இணைகின்றன. ஒரூஉத் தொடைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். ஒரு முனையில் குடி, மறுமுனையில் கொடி. குடியை மறந்து கொடியை உயர்த்தியவர்களிடம் பேசும் பாட்டின் மொத்த வழக்கும் இந்த ஓர் அடியின் இரு முனைகளிலும் கட்டப்பட்டிருக்கிறது. வடிவமே பொருளைச் செய்யும் இடம் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன். எதுகைகளைத் தேடித் தேடிக் காட்டிய ஆசிரியர் இதைத் தவறவிட்டதற்குப் பசி ஒரு காரணமாக இருக்கலாம். அவியல் மணம் படிக்கட்டு வழியே மேலே வரத் தொடங்கியிருந்தது.

பிற்பகல் அமர்வு முற்பகலுக்கு ஈடாகவில்லை. ‘வேலி’ என்று தலைப்புக் கொடுத்து, அண்டை வீட்டார் சமாதானத்தைப் பற்றி ஆளுக்கொரு குறள் வெண்பா எழுதச் சொன்னார். காலையில் முழுக்க ஆசிரியப்பாவின் ஓசையில் திளைத்துவிட்டு, பிற்பகலில் வெண்பாவின் செப்பலோசையில் எழுதச் சொன்னால் யாருக்கும் எளிதில் கை வராது. வெண்டளை (வெண்பாவில் சீர்கள் இணையும் முறை) தப்பாமல் எழுதியவர்கள் மிகச் சிலரே. அவற்றில் திருவட்டாறு பக்கத்துப் பெண் ஒருவர் எழுதியதை அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்:

வேலி பிரித்தாலும் வேர்பின்னி மண்ணுக்குள்
காலூன்றி நிற்கும் கமுகு.

தளை எங்கும் தட்டவில்லை; வேலி, காலூன்றி என்று அடியெதுகையும், இரண்டு அடிகளிலும் முதற்சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனையும் அமைந்து, ‘கமுகு’ வெண்பாவின் ஈற்றுச் சீருக்குரிய ‘பிறப்பு’ என்னும் வாய்பாட்டில் முடிகிறது. முதலடியில் பிரித்தாலும், வேர் என்று ரகரம் ஓட, இரண்டாம் அடியில் ஊன்றி, நிற்கும் என்று றகரம் ஊன்றுகிறது. காலையில் கேட்ட பாடம் அவருடைய கையில் தானாக இறங்கியிருக்கிறது. எனினும் இதைப் பாராட்டிய கையோடு, வெண்பா இந்தப் பொருளுக்கு ஏற்றதா என்ற கேள்வியையும் விவாதித்திருக்க வேண்டும். வெண்பா தன் கடைசிச் சீரில் கதவைச் சாத்திவிடும் யாப்பு. கோவூர் கிழாரின் அகவலோ ஏகாரத்தில் முடிந்து, எதிரே இருப்பவன் பதில் சொல்ல இடம் விட்டு நிற்கிறது. ‘இகலே’ என்ற அந்த நீட்சியில் இன்னும் ஒரு முடிவும் எட்டப்படவில்லை. இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று புலவர் காத்திருக்கிறார். சமாதானம் பேசும் பாட்டுக்கு எந்தப் பா பொருந்தும் என்ற இந்த விவாதம் நடந்திருந்தால் பிற்பகலும் காலையளவுக்குச் செறிவாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக, எழுதிய அனைவரும் தத்தம் குறளைப் படித்து அனைவரும் கைதட்டுவதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

கொடுக்கப்பட்ட தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொற்களைப் பிரித்து அச்சிட்ட பாடத்தையே வைத்துக்கொண்டு சீர் பிரித்திருக்கிறார்கள். அதனால் ‘அன்று / நும் / செய்தி’ என்று மூன்று சீராகி ஏழாம் அடி ஐஞ்சீரடி ஆகிவிட்டது. ‘அன்றுநும்’ என்பது ஒரே சீர். ‘தோற்பநும்’, ‘செய்யுமிவ்’ ஆகியவற்றுக்கும் இதே கதிதான். வாய்மொழியில் ஆசிரியர் சரியாகவே அலகிட்டார் (சீர் பிரித்தார்). ஆனால் வீட்டுக்குப் போய்த் தாளைப் பார்க்கிற புதியவர் குழம்பாமல் இருக்க முடியாது. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது இருந்ததைப் போலப் புணர்ச்சியோடு கூடிய பாடம் ஒன்றையும், பொருள் நோக்கிப் பிரித்த பாடம் ஒன்றையும் பக்கம் பக்கமாக அச்சிட்டால் இந்தக் குழப்பமே வராது. அலகிடும் மென்பொருள்களில் பாட்டை உள்ளிட்டுப் பார்க்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை தேவை. பிரித்து எழுதிய பாடத்தைக் கொடுத்தால் பிரித்த கணக்குத்தான் திரும்பி வரும்.

மற்றொன்று: 44, 46, 47 ஆகிய பாட்டுகளையும் தாளில் சேர்த்திருக்கலாம். 44இல் ஆவூர்க் கோட்டைக்குள் அடைந்து கிடந்த இதே நெடுங்கிள்ளியிடம், கதவைத் திற அல்லது வெளியே வந்து போரிடு என்று கோவூர் கிழார் சுருக்கென்று சொல்கிறார். 46இல் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட முனைந்த கிள்ளிவளவனைத் தடுக்கிறார். 47இல் ஒற்றன் என்று ஐயுறப்பட்ட இளந்தத்தன் என்னும் புலவனின் உயிரைக் காக்கப் பேசுகிறார். ஒரே மனிதர் நான்கு நெருக்கடிகளில் நான்கு விதமாகக் குரலை அமைத்திருப்பதை அடுத்தடுத்துக் கேட்டால், 45இன் ஓசை எவ்வளவு தனியானது என்பது விளங்கும். ‘ஒரு நாளுக்கு ஒரு பாட்டு’ என்ற விதியை மீறாமலேயே, மற்ற மூன்றையும் ஒருமுறை படித்துக் காட்டியிருக்க முடியும்.

இட வசதி சுமார்தான். வகுப்பே ஓசையைப் பற்றியது. சன்னலுக்கு வெளியேயோ பேருந்துகளின் காற்று ஆரன். பிற்பகலில் மழை பிடித்தபோது மாடித் தாழ்வாரத்துத் தகரக் கூரை எழுப்பிய இரைச்சலில் குறள்கள் பாதி கேட்கவில்லை. பின்வரிசையில் உட்காருபவர்களுக்கு முற்பகலின் நுட்பங்கள் பலவும் போய்ச் சேரவில்லை என்று தேநீர் நேரத்தில் தெரிந்துகொண்டேன். ஒலிபெருக்கி வைத்தால் றகர ரகரம் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று ஆசிரியர் சொல்வது உண்மைதான். அப்படியானால் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்து, சாலைப் பக்கம் இல்லாத உள்ளறைக்கு மாற்றிக்கொள்வதே வழி. முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்க: தரையில் பாய் விரித்துத்தான் உட்கார வேண்டும், கேட்டால் மட்டும் நாற்காலி தருவார்கள்.

யார் போகலாம் என்று கேட்டால், அசை, சீர், தளை என்ற பெயர்கள் ஓரளவு தெரிந்திருந்தும் அவை எதற்கு என்று புரியாமல் இருப்பவர்களுக்கு இது மிகப் பயன்படும். தமிழ் படிக்கும் கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், மரபுக்கவிதை எழுதப் பழகுபவர்கள் ஆகியோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நேர், நிரை என்ற அசை வகைகள் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் நேராகப் போனால் பதினொரு மணிக்கே களைத்துவிடுவார்கள். அவர்கள் யாப்பருங்கலக்காரிகையின் எளிய உரை ஒன்றைப் புரட்டிவிட்டுப் போவது நல்லது. புதுக்கவிதை மட்டும் எழுதுபவர்களுக்கும் முற்பகல் அமர்வு போதும், அது வீண் போகாது. அடியை எங்கே வெட்டுவது என்ற கேள்விக்கு மூன்றாம் அடியின் ‘நின்னொடு’ சொல்லித் தருவதை அவர்களுக்கு வேறு எந்தப் பட்டறையும் சொல்லித் தராது. பிற்பகலில் கிளம்பிவிடலாமா என்று கேட்டால், கிளம்பலாம். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். அடுத்த அமர்வுக்கு ஒரு கலிப்பாவை எடுத்துக்கொள்வதாக அறிவித்திருக்கிறார்கள். தாளைத் திருத்தி அச்சிடுவதாகவும் ஆசிரியர் சொன்னார். அதைப் பார்த்துவிட்டுத்தான் என் தங்கை மகனுக்குப் பணம் கட்டுவேன்.